1969 செவி சி10: தொட்டித் தளத்துக்கு எந்த மரம் போடலாம்?

கரோலினா_செவி
மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறேன். போன வருடம் 1969 செவர்லே சி10 பிக்கப் வண்டி ஒன்று வாங்கினேன். ஸ்டெப்சைடு (பின்சக்கர மறைப்பு தொட்டிக்கு வெளியே இருக்கிற வகை), ஆறரை அடித் தொட்டி. எஞ்சின், பிரேக் வேலை ஓரளவு முடிந்தது. இப்போது தொட்டிக்கு வந்திருக்கிறேன்.

தொட்டியில் யாரோ ஒரு பிளைவுட்டை அடித்து மூடியிருந்தார்கள். கழற்றினால் அடியில் பழைய மரத்தளம். முன்பக்கம் நன்றாகவே இருக்கிறது. டெயில்கேட்டை, அதாவது பின்கதவை ஒட்டிய ஓரடி மட்டும், ஸ்க்ரூடிரைவரை வைத்தால் கைப்பிடி வரை இறங்குகிறது. கையில் அள்ளினால் காபி வடிகட்டிய சக்கை மாதிரி உதிர்கிறது.

பலகைகளுக்கு நடுவே அவற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற இரும்புப் பட்டைகளில் ஒன்றை முன்பக்கம் தூக்கிப் பார்த்தேன். ஐம்பது வருடமாக வெயிலே படாத மரம். பைன்தான். அதன் மேல் கறுப்புப் பெயின்ட், இன்னும் நகத்தால் சுரண்ட முடியாத அளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு ஆசை ஓக் மேல். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று படங்களில் பார்க்கிறோமே, அப்படி. இன்னொரு நண்பர் இப்பே என்கிற தென்னமெரிக்க மரம் போடு, பேரன் காலம் வரை வரும் என்கிறார். வண்டிக்குக் கராஜ் இல்லை, பைன் மரத்தடியில்தான் நிற்கும். சனி ஞாயிறுகளில் விறகு, தோட்டத்துக்கு மல்ச் (மூடாக்கு) ஏற்றுவேன். என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

இழைப்புளி
மார்ச் 2

தம்பி, வண்டி எங்கே நிற்கும், என்ன ஏற்றும் என்று முதலிலேயே சொன்னது நல்லதாகப் போயிற்று. பாதிப் பேர் அதைச் சொல்லாமலேயே மரத்தைக் கேட்பார்கள். நான் ஒஹாயோவில் தச்சு வேலை செய்பவன், வீட்டிலும் மூன்று தலைமுறையாக அதே தொழில்.

ஓக் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சிவப்பு ஓக் வேறு, வெள்ளை ஓக் வேறு. கடையில் எளிதாகக் கிடைப்பது சிவப்பு. அதில் ஒரு சாண் துண்டு எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். குமிழி குமிழியாக வரும். அதன் துளைகள் ஸ்ட்ரா மாதிரி நீளத்துக்கும் திறந்திருக்கின்றன. வெள்ளை ஓக்கில் வைரப் பகுதியின் துளைகளை மரமே அடைத்துக்கொள்ளும், ஊதினால் காற்று போகாது. விஸ்கி பீப்பாய் அதில் செய்வது அதனால்தான். வெளியே நிற்கிற வண்டிக்குச் சிவப்பு ஓக் போட்டால் பலகை முனை வழியாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளை ஓக்கிலும் ஒரு சங்கதி உண்டு. அதில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரமும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை இறங்கும். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் மை கொட்டின மாதிரி வட்டம் வரும். ஓக் போடுவதென்றால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

இப்பே நல்ல மரம், குறை சொல்ல மாட்டேன். மரத்தின் கடினத்தை அளக்கிற ஜங்கா அளவில் வெள்ளை ஓக் ஏறத்தாழ 1,360, இப்பே 3,500-க்கு மேல். ஆனால் அது தண்ணீரில் மூழ்குகிற மரம். உங்கள் தொட்டி சுமார் 50 அங்குல அகலம், 78 அங்குல நீளம், பலகை முக்கால் அங்குலம் என்று வைத்தால் இப்பே தளம் மட்டும் ஏறத்தாழ 50 கிலோ. வெள்ளை ஓக் 36, பைன் 30-க்குக் கீழே. பலகை ஓரத்தில் பட்டை உட்காரக் காடி (பள்ளம்) எடுக்கும்போது பிளேடு மழுங்குவது தனிச் செலவு. மல்ச் ஏற்றுவதற்கு அந்தக் கடினம் தேவையில்லை.

பனிக்காலம்
மார்ச் 3

தம்பி, டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 1957 செவி நிற்கிறது. நானும் உங்களைப் போல ஓக், வார்னிஷ் என்றுதான் தொடங்கினேன். படகுக்கு அடிக்கிற ஸ்பார் வார்னிஷ், ஆறு பூச்சு. முதல் வருடம் சரியான வடிவாய் இருந்தது. இரண்டாவது கோடையில் ஒரு போல்ட் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளையாய்க் கிளம்பியது. அதைப் பெரிதாய் எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலம் அதற்குள்ளே தண்ணீர் போய் உறைந்து, வசந்தத்தில் வார்னிஷ் தாள் தாளாய் உரிந்து வந்தது. கீழே மரம் சாம்பல் நிறம். எல்லாப் பட்டையையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முதலிலிருந்து செய்தேன். மூன்று கிழமை போனது.

வார்னிஷ் மோசமான பொருள் என்று சொல்லவில்லை. கராஜுக்குள்ளே நிற்கிற வண்டிக்கு அதைவிட அழகு கிடையாது. வெளியே நிற்பது என்றால் வருடா வருடம் தேய்த்து மேல்பூச்சு கொடுக்க வேண்டும். உங்களால் அது ஏலுமா என்று பாருங்கள். ஏலாது என்றால் தொழிற்சாலை செய்ததைச் செய்யுங்கள்: பைன், கறுப்புப் பெயின்ட். உங்கள் பட்டைக்கு அடியில் அந்தப் பெயின்ட் இன்னும் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கரோலினா_செவி
மார்ச் 3

நன்றி ஐயா. நன்றி அண்ணா. பைன் என்றதும் மனசு கொஞ்சம் இறங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். அது மட்டமான மரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகினதும் அதுதானே?

இன்னொன்று. பலகை விரியும், சுருங்கும் என்கிறார்களே, முக்கால் அங்குலப் பலகையில் அது எவ்வளவு இருக்கும்? இடைவெளி விட வேண்டுமா?

இழைப்புளி
மார்ச் 4

தெற்கத்தி மஞ்சள் பைன் மட்டமான மரம் இல்லை. உங்கள் ஊரிலேயே லாப்லாலி, லாங்லீஃப் என்று காடு காடாக நிற்கிறது. லாங்லீஃப் கடினம் 870 சொச்சம். ஓக்கை விடக் குறைவுதான், ஆனால் உங்கள் வண்டியில் ஐம்பது வருடம் விறகைச் சுமந்ததும் இந்தப் பைன்தான். முன்பக்கம் நன்றாக இருந்தது, பின்பக்கம் அழுகியது, இரண்டும் ஒரே பலகையின் இரண்டு முனைகள். அப்படியானால் கோளாறு மர வகையில் இல்லை. பின்னால் தண்ணீர் எங்கே நின்றது என்று தேடுங்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் அசையும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிவப்பு ஓக், வட்டரேகை பலகை முகத்தில் படுக்கையாக ஓடும்படி அறுத்தது என்றால், ஈரம் ஒரு சதவீதம் மாறினால் ஓர் அங்குல அகலத்துக்கு 0.0037 அங்குலம் மாறும். வெள்ளை ஓக்கும் கிட்டத்தட்ட அதேதான். மேசை நாற்காலிக்கு விற்கிற ஓக் சூளையில் உலர்ந்து 7 சதவீத ஈரத்தில் இருக்கும். உங்கள் ஊரில் வெளியே வைத்தால் 12 வரை ஏறும். ஏழு அங்குலப் பலகை கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் விரியும். தொட்டியின் 50 அங்குலத்துக்கும் கூட்டினால் முக்கால் அங்குலத்தையும் தாண்டும். இடம் விடாமல் இறுக்கி அடித்தால் அந்த விரிவு எங்கே போகும்? பலகை நடுவில் எழும்பும், இல்லையென்றால் பக்கத் தகரத்தைத் தள்ளும்.

பைனில் நேர் எதிர். மரக்கடையில் வீடு கட்ட விற்கிற பைன் 19 சதவீத ஈரத்தில்கூட வரும். முத்திரையைப் பாருங்கள், 15 என்றும் 19 என்றும் போட்டிருக்கும். அது 12-க்கு இறங்கும்போது அதே ஏழு அங்குலப் பலகை 3 மில்லிமீட்டர் சுருங்கும். ஆக ஓக்கை இறுக்கமாகப் போட்டால் தவறு, ஈரப் பைனை இடைவெளி விட்டுப் போட்டால் தவறு. ஒரே விதியை இரண்டுக்கும் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். 20, 30 டாலருக்கு ஈரமானி கிடைக்கிறது, முதலில் அதை வாங்குங்கள். பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து அடுக்கி, மழை படாத இடத்தில் காற்றாட விடுங்கள். ஊர்க் காற்றோடு மரம் ஒத்துப்போன பிறகு காடி எடுங்கள்.

சோனோரன்
மார்ச் 4

அண்ணன் சொன்னதை நான் கைக்காசு போட்டுக் கற்றேன். பீனிக்ஸில் இருக்கிறேன், 1971 வண்டி. அளவெடுத்து வெட்டிக் காடி எடுத்து வைத்த ஓக் பலகைத் தொகுப்பை வாங்கினேன். பெட்டி வந்த அன்றைக்கே பிளாஸ்டிக்கைக் கிழித்து மாட்டினேன். வந்த இடம் ஈரமான மாநிலம். ஜூனில் 110 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் பலகைகள் சுருங்கி, இரண்டு இடத்தில் பட்டையின் விளிம்பு காடியை விட்டு வெளியே வந்து நின்றது. விற்றவர் மேல் தப்பில்லை. இரண்டு வாரம் பிரித்து வைத்திருந்தால் போதும், நான் வைக்கவில்லை.

ஆனால் ஓக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வார்னிஷுக்குப் பதில் எண்ணெய் போடுங்கள். மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய் உரியாது. மங்கினால் துடைத்துவிட்டு மேலே இன்னொரு கை. நான் வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன், ஒரு மதியம்தான் ஆகும்.

பனிக்காலம்
மார்ச் 4

எண்ணெய் நல்ல யோசனை. பாலைவனத்தில் சரிவரும். கரோலினா ஈரத்தில் எண்ணெய் மேல் பூஞ்சணம் பிடிக்கும், கறுப்புப் புள்ளியாய்த் தெரியும், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஒரு விசயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். காயும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை, தானாய்த் தீப்பற்றும். விரித்து வெளியே ஒற்றையாய்க் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டின்னுக்குள் போட்டு மூடுங்கள். எண்ணெய் என்று எழுதுகிற எல்லோரும் இதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

கொங்குப்_பட்டறை
மார்ச் 5

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது. அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் லாரி பாடி கட்டும் பட்டறை. செவி வண்டியை நான் தொட்டதில்லை, ஆனால் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை போடுவது எங்கள் அன்றாட வேலை.

பழுதுக்கு வருகிற வண்டிகளில் பலகையின் மேல்முகம் அழுகி நான் பார்த்தது குறைவு. வெயில் பட்டு அது காய்ந்துவிடும். சட்டத்தில் உட்காருகிற அடிப்பக்கம், போல்ட் ஓட்டையின் உள்சுவர், பலகையின் முனை, இந்த மூன்றும்தான் போகும். மேலே நாலு பூச்சு அடித்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமனே விடுகிறவர்கள் வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அப்பா முனைக்குத்தான் முதல் பெயின்ட் வைப்பார். குடிக்கிற வரை குடிக்கட்டும் என்று விட்டு மறுபடி வைப்பார். ஓட்டை எல்லாம் பூச்சுக்கு முன்னாலேயே போட்டு, ஓட்டைக்குள் சின்ன பிரஷ் விட்டுச் சுற்றுவார்.

அப்புறம் போல்ட்டை உயிர்போக முறுக்க வேண்டாம். மரம் நசுங்கினால் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும்.

இழைப்புளி
மார்ச் 5

கொங்குப் பட்டறை தம்பி சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

பலகையில் எந்த முகம் மேலே என்பதையும் பாருங்கள். முனையில் வட்டரேகை வில் மாதிரி தெரியும். காயும்போது அந்த வில் நிமிரப் பார்க்கும். நடுவைரம் இருந்த பக்கத்தை மேலே வைத்தால் பலகை நடுவில் லேசாக மேடு கட்டும், தண்ணீர் வழிந்துவிடும். ஓரங்களை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை பிடித்துக்கொள்ளும். மரப்பட்டை இருந்த பக்கத்தை மேலே வைத்தால் கிண்ணம் மாதிரி குழியும்.

பனிக்காலம்
மார்ச் 5

ஓக்கில் சரி. பைனில் வைரப்பக்கம் மேலே வந்தால் ரேகை இதழ் இதழாய்ப் பிரிந்து சிலாம்பு எழும்புமே? அதற்குத்தானே வெளித்தளம் போடுகிறவர்கள் மாற்றிப் போடுகிறார்கள்.

இழைப்புளி
மார்ச் 5

உண்மைதான். வெறும் காலில் நடக்கிற தளத்துக்கு நானும் மாற்றித்தான் போடுவேன். இங்கே பெயின்ட் அடிக்கிறோம், மேலே ஓடுவது விறகு. தண்ணீர் வழிவதற்கே என் ஓட்டு. முடிந்தால் ரேகை நிமிர்ந்து நிற்கிற பலகைகளாகப் பொறுக்குங்கள், இந்தச் சண்டையே வராது, சுருக்கமும் பாதியாகும்.

கரோலினா_செவி
ஏப்ரல் 27

முடித்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைன்தான் போட்டேன். முடிவை மாற்றியது ஒரு காட்சி. இழைப்புளி அண்ணா சொன்னபடி தண்ணீர் எங்கே நின்றது என்று தேடினேன். டெயில்கேட்டுக்கு அடியில் இருக்கிற பின் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினேன். அதன் மடிப்புக்குள் ஒரு விரல் கனத்துக்கு பைன் ஊசி இலை, மண், எல்லாம் மக்கிப் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. இரண்டு வாரம் மழையே இல்லை, ஆனாலும் ஈரம். எந்த மரத்தை அதன் மேல் வைத்தாலும் அழுகியிருக்கும்.

பக்கத்தில் ஒரு அறுவை மில்லில் லாப்லாலி வாங்கினேன். ஒவ்வொரு பலகையின் முனையையும் பார்த்துப் பொறுக்கினேன், முக்கால் மணி நேரம் ஆனது. ஈரமானி 17 காட்டியது. வீட்டுக்கு அடியில் குச்சி வைத்து அடுக்கி, மின்விசிறி போட்டு ஐந்து வாரம். 12-க்கு வந்து நின்ற பிறகுதான் கை வைத்தேன். அதற்குள் குறுக்குச் சட்டங்களைத் துரு எடுத்து, எபாக்சி பிரைமர் அடித்துக் கறுப்பாக்கினேன். பட்டைகள் பழையவைதான், மணல் வீசிச் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கினேன்.

காடி அளவுக்குப் புத்தகம் எதுவும் பார்க்கவில்லை. முன்பக்கம் நன்றாக இருந்த பழைய பலகையில் ஒரு துண்டை வெட்டி, அதையே வைத்து மேசை ரம்பத்தின் உயரத்தைச் சரிசெய்தேன். பழைய பட்டையின் மடிந்த விளிம்பு புதுக் காடியில் போய் உட்கார்ந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்கவே இன்னும் நாலு துண்டு வெட்டிப் பார்த்தேன்.

பூச்சு எல்லாப் பக்கமும். முனைகளுக்கு மூன்று கை பிரைமர், காடிக்குள், ஓட்டைக்குள், அடிப்பக்கம், அப்புறம்தான் மேல்முகம். கறுப்பு எனாமல் இரண்டு கை.

மாட்டுவதற்கு முன் தொட்டியின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுத்தேன். அரை அங்குலம் வித்தியாசம். முன் சட்டத்தின் போல்ட்டைத் தளர்த்தித் தட்டிச் சமமாக்கினேன். இதைச் செய்யாமல் பலகையை இறக்கியிருந்தால் டெயில்கேட் மூடியிருக்காது. நடுப்பலகையில் தொடங்கி இரண்டு பக்கமும் போனேன். ஒரு பலகை, ஒரு பட்டை, சதுரக் கழுத்து போல்ட், நட்டைக் கையால் மட்டும் முடுக்கி விட்டு அடுத்தது. முதல் பட்டையை முழுக்க முறுக்கியிருந்தால் கடைசிப் பலகைக்கு இடம் சரிசெய்ய முடிந்திருக்காது. ஓரப் பலகைகள் இரண்டையும் வேண்டுமென்றே கால் அங்குலம் அகலமாக வைத்திருந்தேன். கடைசியில் இழைத்துப் பொருத்தி, இழைத்த விளிம்புக்கு மறுபடி பெயின்ட் வைத்தேன்.

தப்பு ஒன்று நடந்தது. சேசிஸோடு பிணைக்கிற பெரிய போல்ட்டுகளுக்கான ஓட்டையைத் தொட்டி தரையில் இருக்கும்போதே பழைய பலகையை அளந்து போட்டேன். வண்டியில் ஏற்றியதும் ஒரு ஓட்டை கால் அங்குலத்துக்கு மேல் தள்ளி நின்றது. ஓட்டையை அரத்தால் நீட்டி, உள்சுவருக்குப் பெயின்ட் வைத்து, துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கிற வாஷரைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தேன். தொட்டியை சேசிஸ் மேல் வைத்து, கீழிருந்து குறித்துவிட்டு ஓட்டை போடுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரம் வேண்டாம்.

பனிக்காலம்
ஏப்ரல் 27

வடிவாய்ச் செய்திருக்கிறீர்கள் தம்பி. போல்ட் ஸ்டெயின்லெஸ் என்றால் நட்டுக்கு ஆன்டி-சீஸ் கிரீஸ் போட்டீர்களா? ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உராய்ந்தால் மரை சூடேறி நடுவழியில் பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கரோலினா_செவி
ஏப்ரல் 28

போட்டேன் ஐயா. முதல் இரண்டுக்குப் போடவில்லை, இரண்டாவது பாதியில் நின்றதும் உங்கள் பழைய பதிவு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு போல்ட்டோடு போயிற்று.

சோனோரன்
ஏப்ரல் 28

கறுப்புத் தளம் இவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை. வெள்ளிப் பட்டைகள் அதன் மேல் கோடு போட்ட மாதிரி தெரிகின்றன. வெயிலில் எவ்வளவு சூடாகிறது என்று ஆகஸ்டில் சொல்லுங்கள்.

கரோலினா_செவி
மே 6

சின்னச் செய்தி. நேற்று இரவு நல்ல மழை. டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டைகளின் ஓரமாகத் தண்ணீர் சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது, பலகையின் அடிப்பக்கத்தில் பரவவில்லை. காலையில் பின் சட்டத்தின் மடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவினேன். நாலு ஊசி இலை வந்தது, எடுத்துப் போட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் அந்த இடம் காய்ந்திருந்தது.

பழைய முன்பலகையில் நல்ல பாகம் மூன்றடி எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டெப்சைடு வைத்திருக்கிறவர்கள் யாருக்காவது காடியின் அகலம், ஆழம் வேண்டுமென்றால் கேளுங்கள், வெர்னியர் வைத்து அளந்து எழுதுகிறேன்.